புதிதாக வந்த ரிசீவரை எப்படி எடைபோடுவது?

ஒரு அணி பெரும் விலை கொடுத்து வைடு ரிசீவர் (வீசும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர்) ஒருவரை வாங்கினால் போதும், அன்று மாலைக்குள் அவர் டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) அடித்த வீடியோ தொகுப்புகள் வாட்ஸப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களைத் திரையில் ஓட்டிப் பார்த்து வீரர்களை மதிப்பிடுவது என் தொழில். அந்தத் தொகுப்புகளை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள் என்று நண்பர்களிடமும், பையனை ஹைஸ்கூல் அணியில் சேர்த்திருக்கும் பெற்றோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். தொகுப்பில் இருப்பதெல்லாம் அவர் ஜெயித்த தருணங்கள். வாங்கிய அணிக்கு, அவர் எங்கே தடுமாறுகிறார் என்பதும் தெரிய வேண்டும்.

டிகே மெட்காஃபையே எடுத்துக்கொள்வோம். 2025 மார்ச்சில் சியாட்டில் சீஹாக்ஸிடமிருந்து அவரை பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் வாங்கியது. கொடுத்த விலையில் முக்கியமானது இரண்டாம் சுற்று டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) தேர்வு ஒன்று. கூடவே 4 ஆண்டுகளுக்கு 13.2 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பு.

பலம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. 6 அடி 4 அங்குல உயரம். டிராஃப்டுக்கு முந்தைய 2019 கம்பைன் உடல்திறன் சோதனையில் 40 யார்டை 4.33 விநாடியில் ஓடினார். அந்த உடம்புக்கு அது அசாத்திய வேகம். 2020 அக்டோபரில் அரிசோனாவின் புடா பேக்கர் பந்தைப் பறித்துக்கொண்டு மைதானத்தின் மறுமுனைக்கே ஓடியபோது, மெட்காஃப் வெகு தூரம் பின்னாலிருந்து துரத்தி அவரை மடக்கினார். எல்லோரும் அதில் வேகத்தைப் பார்த்தார்கள்; கை நழுவிய ஆட்டத்தை விட்டுவிடாத மனதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. சியாட்டிலில் இருந்த 6 பருவங்களில் அவர் தவறவிட்டது 3 ஆட்டங்கள்தான். விலை பேசும்போது பலரும் மறந்துவிடும் பலம் இது.

இன்னொன்று, புள்ளிவிவரத்தில் வராதது. அவர் நேராக ஆழத்துக்கு ஓடினாலே எதிரணியின் சேஃப்டி (கடைசி வரிசைத் தடுப்பாட்டக்காரர்) பின்வாங்கியாக வேண்டும். பந்து அவருக்கு வராவிட்டாலும் நடுவில் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கிறது. தொலைக்காட்சி கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் வீட்டிலிருந்து இது தெரியாது. 22 பேரும் ஒரே சட்டத்தில் வரும் பயிற்சியாளர் படத்தில்தான் தெரியும். லீக்கின் சொந்த ஸ்ட்ரீமிங் சேவையான என்எஃப்எல் பிளஸின் பிரீமியம் சந்தா இருந்தால் நீங்களும் பார்க்கலாம்.

சரி, பலவீனம்? அதே கம்பைனில் மூன்று கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடும் சோதனையில் அவருக்கு 7.38 விநாடி ஆனது. வேகத்துக்குப் பெயர் போகாத குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) டாம் பிரேடி 2000-இல் 7.20-இல் முடித்திருந்தார். இந்த எண்ணும், கல்லூரியின் கடைசிப் பருவத்தைப் பாதியில் நிறுத்திய கழுத்துக் காயமும் சேர்ந்துதான் அவரை டிராஃப்டில் 64-ஆவது இடம் வரை தள்ளின என்பது என் கணிப்பு. திரையிலும் அது தெரிகிறது. கோ, ஸ்லான்ட், போஸ்ட் போன்ற ரூட்களில் (ரிசீவர் ஓடும் பாதைகள்) வேகத்தைக் குறைக்காமல் ஓடலாம், அங்கே அவர் ராஜா. முழு வேகத்தில் போய் சட்டென்று நின்று திரும்பும் கம்பேக், குறுகிய அவுட் ரூட்களில், சரக்கு லாரி பிரேக் போடுவதுபோல இரண்டு மூன்று காலடி கூடுதலாக வைக்க வேண்டியிருக்கிறது. ரிசீவரை ஒட்டியே ஓடித் தடுக்கும் நல்ல கார்னர்பேக்குக்கு அந்தக் காலடிகளே போதும். சுலபமான பந்துகளைக் கைவிடுவதும் உண்டு. கோபம் தலைக்கேறி 15 யார்டு அபராதம் வாங்கிக் கொடுத்த ஆட்டங்களும் உண்டு.

யார்டுக் கணக்கைப் பார்க்கும்போது பக்கத்தில் யார் ஆடினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2020-இல் அவர் 83 பந்துகள் பிடித்து 1,303 யார்டு எடுத்தார். 2024-இல் 66 பந்து, 992 யார்டு. தேய்ந்துவிட்டார் என்று அவசரப்பட வேண்டாம். 2024-இல் சியாட்டிலின் இன்னொரு ரிசீவர் ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா 100 பந்துகள் பிடித்தார். குவார்ட்டர்பேக்கின் கண் அந்தப் பக்கம் போனது. அந்த அக்டோபரில் மெட்காஃபுக்கு முழங்கால் காயமும் இருந்தது.

2025-இல் பிட்ஸ்பர்க்கில் நிலைமை நேர்மாறு. அவர் வந்த இரண்டே மாதத்தில் அங்கிருந்த இன்னொரு ரிசீவர் ஜார்ஜ் பிக்கன்ஸை டல்லஸுக்கு அனுப்பிவிட்டார்கள். கவனத்தைப் பிரிக்க மறுபக்கம் பெரிய பெயர் இல்லாததால், எதிரணி இரண்டு பேரை இவர் மேலேயே நிறுத்தலாம் என்ற நிலை. எனக்கு அப்போது இதுதான் பெரிய கவலையாக இருந்தது. அவருடைய எந்தப் பலவீனத்தையும்விட இது ஆபத்தாகப் பட்டது. அந்த ஜூனில் வந்து சேர்ந்த குவார்ட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸ் பந்தைச் சீக்கிரம் கையைவிட்டு அனுப்புபவர். ரிசீவர் சரியான நொடியில் திரும்பியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். மெட்காஃபுக்குக் கடினமான இடம் அதுவே. ஆனால் பந்தை ஏந்தி ஓடும் ஓட்ட ஆட்டத்தை நம்பிய, அப்போதைய தாக்குதல் பயிற்சியாளர் ஆர்தர் ஸ்மித்தின் திட்டத்தில், தோள் கொடுத்துத் தடுக்கத் தயங்காத ரிசீவருக்கு நல்ல மதிப்பு இருந்தது. ஓடப்போவதாகப் பாவனை காட்டிவிட்டு ஆழத்தில் வீசும் ஆட்டமும் அவருக்கென்றே அமைந்தது.

புது அணியில் ஒரு ரிசீவரை நான் பார்க்கத் தொடங்குவது மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), 5 முதல் 7 யார்டு தேவைப்படும் ஆட்டங்களை மட்டும் தனியாக வெட்டியெடுத்து. அங்கே தடுப்பவர் முகத்துக்கு நேரே வந்து நிற்பார், ஓடிப் பிரிய இடமிருக்காது. முதல் காலடியையும் கையை விலக்கும் விதத்தையும் அதில் பார்ப்பேன். அப்புறம், பந்து வராத ரூட்களிலும் முழு வேகத்தில் ஓடுகிறாரா என்று பார்ப்பேன். டச்டவுன்களுக்கு வருவது இதெல்லாம் முடிந்த பிறகுதான்.