குளிர்த் தொட்டியின் வெப்பக் கணக்கு

முதல் முயற்சிக்குப் பத்து கிலோ ஐஸ் வாங்கி வந்தேன். பின்கட்டில் வைத்திருந்த தொட்டியில் 250 லிட்டர் தண்ணீர். சென்னையின் மே மாதக் காலை. கிணற்றிலிருந்து இறைத்த நீர் 30 டிகிரி செல்சியஸ் காட்டியது. ஐஸைக் கொட்டி, ஒரு மூங்கில் கழியால் துழாவிவிட்டு, வெப்பமானியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கடைசித் துண்டும் கரைந்து மறைந்தபோது அது 26இல் நின்றது. நான் எதிர்பார்த்திருந்தது 15. அன்று மாலை காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். பத்து கிலோவுக்கு அந்தத் தண்ணீர் சரியாக 26இல்தான் நிற்க வேண்டும்.

உடற்பயிற்சிக்குப் பிறகு குளிர்ந்த நீரில் கழுத்தளவு அமர்ந்து எழும் பழக்கம் விளையாட்டு வீரர்களிடமிருந்து இப்போது வீடுகளுக்கும் வந்துவிட்டது. குளிரூட்டும் இயந்திரத்தோடு விற்கப்படும் தொட்டிகளின் விலை லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. அதனால் பலர் தாங்களே செய்துகொள்கிறார்கள். செய்ய முடியும், பாதுகாப்பாகவும் செய்ய முடியும். ஆனால் குழாய், பம்ப் என்று பொருள்களைத் தேடிப் போவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: தண்ணீரில் இருக்கும் வெப்பம் எவ்வளவு, அது எங்கே போகப்போகிறது?

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி குளிரவைக்க 4.19 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். பழக்கமான பொருள்களில் இவ்வளவு வெப்பத்தைப் பிடித்துவைத்திருப்பவை மிகக் குறைவு. 250 லிட்டரை 30இலிருந்து 15க்குக் கொண்டுவர 15,700 கிலோஜூல் ஆகிறது. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் விழுங்கும். உருகிய நீர் 15 டிகிரி வரை சூடேறும்போது இன்னும் 63. இரண்டும் சேர்ந்து 397. வகுத்துப் பார்த்தால் 40 கிலோ ஐஸ். நான் வாங்கியது அதில் கால் பங்கு.

நாற்பது கிலோ அதிகமாகத் தோன்றலாம். அதே வேலையைப் பூஜ்ஜிய டிகிரியில் இருக்கும் தண்ணீரைக் கொண்டு செய்ய நினைத்தால் 250 லிட்டர் வேண்டும். 30ம் 0ம் சரிபாதி கலந்தால்தானே 15 வரும்? நாற்பது கிலோவை இருநூற்றைம்பதுக்கு நிகராக்குவது உருகுதல்தான். திடமான படிகத்தைக் கலைத்துத் திரவமாக்கவே அந்த 334 கிலோஜூலும் செலவாகிறது. அதுவரை ஐஸின் வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறுவதில்லை.

மீன் பதப்படுத்தும் ஐஸ் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்களில் நீர் நிரப்பி உறையவைப்பது எனக்குப் பிடித்த வழி. தொட்டி நீர் கெடாது, பாட்டில்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். உறையும்போது நீர் 9 சதவீதம் பெருகும் என்பதால் கழுத்துப் பகுதியைக் காலியாக விட வேண்டும். இருபது பாட்டில்களை உறையவைக்கும் இடம் எல்லார் வீட்டு ஃபிரிட்ஜிலும் இருக்காது என்பதே இதில் உள்ள சிக்கல்.

நம் ஊரில் இதைப் படிக்கும் எவருக்கும் மண்பானை நினைவுக்கு வரும். வரவேண்டிய நினைவுதான். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 2,430 கிலோஜூலை எடுத்துக்கொண்டு போகிறது, அதாவது ஆறு கிலோ ஐஸின் வேலை. அப்படியானால் ஒரு விசிறியைத் தொட்டியின்மேல் திருப்பிவிட்டால் போதாதா? போதாது. காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் ஆவியாதலுக்கு ஒரு தரை போட்டுவிடுகிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி எந்த அளவில் நிற்கிறதோ, பானை நீரும் அதற்குக் கீழே போகாது. சென்னைக் கோடையில் அந்தத் தரை 26, 27 டிகிரி அளவில் இருக்கும். குடிப்பதற்கு இதமான குளிர்ச்சி. மூழ்கி எழுவதற்குப் போதாது.

தண்ணீரிலிருந்து வெளியேற்றிய வெப்பம் திரும்பி வரவும் பார்க்கும். என் தொட்டி, 500 லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்றின் மேல்பகுதியை அறுத்து நீக்கிச் செய்தது. குறுக்களவு 85 சென்டிமீட்டர், உயரம் 70. சரியான அளவு ஐஸ் போட்டு 15 டிகிரியை எட்டிய முதல் நாள், தொட்டியின் வெளிச்சுவர் வியர்க்கத் தொடங்கியது. குளிர்ந்த மோர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரைப் போல முத்து முத்தாகத் துளிர்த்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து கோடு கோடாக வழிந்து, அடியில் ஈர வட்டம் கட்டிவிட்டது. அந்த ஒவ்வொரு துளியும் காற்றில் ஆவியாக இருந்த நீர். ஆவியாகும்போது எடுத்துக்கொண்ட வெப்பத்தைத் திரும்ப நீராகும்போது அப்படியே சுவரில் இறக்கிவைக்கிறது. ஒரு லிட்டர் வியர்த்தால் அதே 2,430 கிலோஜூல் உள்ளே வருகிறது. ஆறு கிலோ ஐஸ் வீண். பானையைக் குளிர்விக்கும் அதே எண் இங்கே எதிர்ப்பக்கம் நின்று வேலை செய்கிறது. அன்று நீர் மணிக்கு ஒரு டிகிரிக்குமேல் சூடேறியது.

மறுவாரம் ஐந்து சென்டிமீட்டர் தெர்மாகோல் பலகைகளைச் சுற்றிலும் அடியிலும் ஒட்டி, அதே தடிமனில் மூடியும் செய்து, வெளியே பிளாஸ்டிக் தாளால் இடுக்கில்லாமல் சுற்றினேன். அந்தத் தாள் முக்கியம். ஈரக்காற்று தெர்மாகோலுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்தால் வியர்வை உள்ளே நடக்கும், கண்ணுக்கும் தெரியாது. இப்போது இரவு முழுவதும் விட்டாலும் இரண்டு டிகிரிக்குமேல் ஏறுவதில்லை.

1833ஆம் ஆண்டு ஃபிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர் மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய 180 டன் ஐஸைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம், வெப்ப மண்டலக் கடல். சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. அன்று கம்ப்ரஸர் கிடையாது. கைகொடுத்தது வெப்பம் புகாமல் இறுக்கமாக அடுக்கிய முறை. அந்த வணிகம் சென்னைக்கும் வந்தது. 1842இல் அதற்காகக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ்தான் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. தொட்டி செய்கிறவர்கள் குளிரூட்டும் கருவிக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியை மூடிக்குச் செலவழித்தால் நல்லது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல் நினைவுக்கு வரும்.

தினமும் மூழ்குகிறவர்களுக்கு ஐஸ் கட்டுப்படியாகாது, சில்லர் வேண்டும். அது ஃபிரிட்ஜின் வேலையையே தண்ணீருக்குச் செய்கிறது. குழாய்க்குள் ஓடும் குளிர்வாயு ஓரிடத்தில் ஆவியாகி நீரின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கி வெளிக்காற்றில் அந்த வெப்பத்தைக் கொட்டவைக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை நகர்த்தும் கருவி என்றால், நம் 15,700 கிலோஜூலுக்கு ஒன்றரை யூனிட் மின்சாரம் போதும். ஒரு கிலோவாட் வெப்பத்தை நகர்த்தும் திறன் இருந்தால் நான்கரை மணி நேரத்தில் வேலை முடியும். குளோரின் கலந்த நீர் செம்பை அரிக்கும் என்பதால் நீர் தொடும் குழாய் டைட்டானியத்தில் இருப்பது நல்லது.

பழைய டீப் ஃப்ரீசரில் தண்ணீர் நிரப்பி அதிலேயே இறங்குவது பரவலாகி வருகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இருநூறு வாட் வேகத்தில் வெப்பத்தை எடுக்கும் ஃப்ரீசர் ஒரு நாளில் நீரை 15 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதன் உட்சுவர் மெல்லிய உலோகத் தகடு. தண்ணீர் தேக்கிவைக்கச் செய்யப்பட்டதல்ல. மூட்டுகளில் கசிவு தொடங்கினால் நீர் போய்ச் சேரும் இடத்தில் மின்கம்பிகள் இருக்கின்றன. நனைந்த தோல் மின்சாரத்தைத் தடுக்கும் ஆற்றலில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது; நீருக்குள் இருக்கும் மனிதனின் உடல் முழுவதுமே நனைந்த தோல்தான். எந்தத் தொட்டியாக இருந்தாலும், மின்கசிவு 30 மில்லியாம்பியரை எட்டியதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி கட்டாயம் வேண்டும். அதற்கும் மேலே, இறங்குவதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

எடையையும் பார்க்க வேண்டும். நீரும் ஆளும் தொட்டியும் சேர்ந்து 330 கிலோ. அதைத் தாங்கும் தரை அரைச் சதுர மீட்டருக்குச் சற்றே அதிகம். குடியிருப்பு அறைகளுக்கு இந்தியக் கட்டுமான விதி எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. மாடியில் வைக்க விரும்பினால் கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள். நான் தரையிலேயே வைத்தேன்.

தண்ணீரின் சுத்தம் பற்றிச் சுருக்கமாக. குளிர் கிருமிகளின் வளர்ச்சியை மெதுவாக்கும், கொல்லாது. நீரை மாற்றாமல் வைத்திருந்தால் வடிகட்டியும், லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று மில்லிகிராம் குளோரினும் தேவை. மூடி இடுக்கில்லாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு முட்டையிட நாமே இடம் கொடுத்ததாகும். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த மூடிக்குப் பூட்டும் அவசியம்.

இனி உடல். இறங்கும் கணத்தில் தோலில் நடப்பதற்கு, நரம்பு முனைகளில் வாயில்போலத் திறந்து மூடும் ஒரு புரதம் பொறுப்பு: டிஆர்பிஎம்8. 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் ஜூலியஸும் ஆர்டம் பட்டாபூட்டியனும் 2002இல் தனித்தனியே மெந்தாலைக் கொண்டு அதைக் கண்டுபிடித்தார்கள். மெந்தால் கலந்த தைலம் தடவினால் சில்லென்று இருப்பதும் அந்தப் புரதம் திறப்பதால்தான். கழுத்துவரை இறங்கும்போது இந்த வாயில்கள் ஒரே நேரத்தில் திறக்கின்றன. நம்மைக் கேட்காமலே மூச்சு ஒருமுறை வெடுக்கென்று உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த ஒரு மூச்சில் இரண்டு, மூன்று லிட்டர் காற்று போகும். பிறகு மூச்சு வேகமெடுக்கும், தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். முதல் அரை நிமிடம் உச்சம். இரண்டு, மூன்று நிமிடத்தில் தணிந்துவிடும்.

அந்த முதல் மூச்சின்போது தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர். இன்னொரு ஆபத்தும் உண்டு. குளிர் இதயத்தை வேகப்படுத்துகிறது. முகம் நனைந்து மூச்சடக்கும்போது எழும் மற்றொரு அனிச்சைச் செயல் அதை மெதுவாக்குகிறது. இரண்டு கட்டளைகளும் ஒரே நேரத்தில் வந்தால் துடிப்பின் ஒழுங்கு குலையலாம் என்று பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் விளக்கியிருக்கிறார். ஆகவே தலையை முக்காதீர்கள், தனியாக இறங்காதீர்கள். இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. மூச்சின் அதிர்ச்சி 10 முதல் 15 டிகிரி நீரிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. 5 டிகிரிக்கு இறக்கிப் பெருமைப்பட அதில் எதுவும் இல்லை. மூன்று நிமிடம் வீதம் ஐந்தாறு முறை இறங்கிய பின் அந்த அதிர்ச்சி பாதியாகக் குறைகிறது என்பது பழகுகிறவர்களுக்கு ஆறுதலான செய்தி.

பலன்? 14 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் இருந்தவர்களின் இரத்தத்தில், உடலை விழிப்பாக்கும் நார்அட்ரினலின் என்ற ஹார்மோன் 530 சதவீதம் உயர்ந்ததாக 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எழுந்து வந்தபின் வரும் அந்தத் தெளிவுக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தசை வளர்க்க எடை தூக்குகிறவர்கள் பயிற்சி முடிந்த கையோடு இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2015இல் வெளியான ஆய்வில், 12 வாரம் அப்படிச் செய்தவர்களின் தசை மற்றவர்களைவிடக் குறைவாகவே வளர்ந்தது.

நீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அசையாமல் அமர்ந்தால் உடலை ஒட்டி ஒரு மெல்லிய வெதுவெதுப்பான படலம் உருவாகும். கையை அசைத்தால் அது கலைந்து குளிர் மறுபடி கடிக்கும். எழுந்த பிறகும், குளிர்ந்த தோலின் வழியே இரத்தம் திரும்பவும் ஓடுவதால் உள்ளுடல் சிறிது நேரம் குளிர்ந்துகொண்டே போகும். உடனே வெந்நீரில் நிற்காமல், துவட்டிக்கொண்டு உட்கார்வது நல்லது.

நேற்றுக் காலை 15.0இல் இறங்கி மூன்று நிமிடத்தில் எழுந்தேன். துழாவிவிட்டுப் பார்த்தபோது வெப்பமானி 15.2 காட்டியது. 250 லிட்டர் அவ்வளவு சூடேற 210 கிலோஜூல் வேண்டும், அதாவது 50 கிலோகலோரி. ஏறக்குறைய ஒரு இட்லியின் ஆற்றல். என் உடலிலிருந்து தொட்டிக்குப் போயிருந்தது.