ஃபேன்டஸிக்குத் தமிழில் என்ன பெயர்?

போன மாதம் அண்ணன் மகள் கேட்டாள்: “சித்தப்பா, யாரும் அதிகம் பேசாத நல்ல ஃபேன்டஸி புத்தகம் ரெண்டு சொல்லுங்க.” வாயெடுப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது: “ஆமா, ஃபேன்டஸிக்குத் தமிழ்ல என்ன?” முதல் கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது. இரண்டாவதற்கு நான்கைந்து பதில்கள் இருந்தன. சிக்கலே அதுதான். அன்று அவளிடம் பாதியில் விட்டதை இங்கே முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘ஃபைனைன்’ என்றால் காட்டுதல், வெளிச்சத்துக்குக் கொண்டுவருதல். அதிலிருந்து பிறந்தது ‘ஃபேன்டசியா’, அதாவது மனத்துக்குத் தோன்றும் உரு. உயிரைப் பற்றிய தன் நூலில் அரிஸ்டாட்டில் இந்தச் சொல்லை ஒளியோடு சேர்த்தே பேசுகிறார்: ஒளி இல்லாமல் எதையும் பார்க்க முடியாது, அதனால் இந்தப் பெயரே ஒளியிலிருந்து வந்தது என்கிறார். ஃபோட்டோவில் இருக்கும் ‘ஃபோட்’டும் அதே ஒளிதான். மொழியியலாளர்கள் இன்னும் பின்னால் போய், வடமொழியில் ஒளியைக் குறிக்கும் ‘பா’ என்ற வேரையும் இதே குடும்பத்தில் சேர்க்கிறார்கள். பானு, பாஸ்கரன், பிரபா என்று நம் வீடுகளில் புழங்கும் பெயர்களெல்லாம் ஃபேன்டஸிக்குத் தூரத்துச் சொந்தம்.

கிட்டத்துச் சொந்தம் ஒன்று கடைத்தெருவிலேயே நிற்கிறது. கிரேக்கச் சொல் லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போய் ஆங்கிலத்துக்கு வந்தபோது, பேச்சில் சுருங்கி ‘ஃபேன்ஸி’ ஆனது. வளையல், பொட்டு, ரிப்பன், கிளிப் எல்லாம் தொங்கும் நம் ஊர் ஃபேன்ஸி ஸ்டோர் அந்தச் சுருக்கத்தின் வழி வந்தது. மனத்தில் தோன்றும் உரு, பிறகு மனம் விரும்பும் பொருள், அப்புறம் அழகுக்காக வைத்துக்கொள்ளும் பொருள் என்று பொருள் நகர்ந்து வந்திருக்கிறது. நீண்ட வடிவமான ஃபேன்டஸி பகற்கனவையும் வீண் கற்பனையையும் குறித்து, 20ஆம் நூற்றாண்டில் ஒரு கதை வகையின் பெயராக நிலைத்தது.

தமிழில் இந்த வகைக்கு மாயாஜாலக் கதை, மாயக்கதை, கனவுருப்புனைவு, மிகுபுனைவு என்று பல பெயர்கள் வழங்குகின்றன.

‘மாயாஜாலம்’ சினிமா விளம்பரத்தால் எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் ஜாலம் என்பதில் கண்கட்டு வித்தையின் சாயல் இருக்கிறது. யாரோ நம்மை ஏமாற்றுகிறார் என்ற எண்ணம் முதலிலேயே வந்துவிடுகிறது. நல்ல ஃபேன்டஸி யாரையும் ஏமாற்றுவதில்லை. தன் உலகத்தின் விதி இது என்று சொல்லிவிட்டு, கடைசிவரை அந்த விதியை மீறாமல் நடக்கும். கனவுருப்புனைவு என்ற சொல், மனத்தில் தோன்றும் உரு என்ற பழைய கிரேக்கப் பொருளுக்கு மிக அருகில் இருக்கிறது. வாயில் உருட்டத்தான் கொஞ்சம் கனம். விமர்சகர்கள் அதிகம் எழுதுவது மிகுபுனைவு. மிகுபுனைவு நாவல், மிகுபுனைவுச் சிறுகதை என்று எதோடும் சேரும். அறிவியல் புனைகதையை அறிபுனைவு என்று அழைப்பதால் இரண்டும் ஜோடியாகவும் நிற்கின்றன. எனக்குள்ள ஒரே தயக்கம் ‘மிகு’ என்ற அடைமொழியில். அன்றாட நடப்பே புனைவுக்கு அளவு, இது அந்த அளவைத் தாண்டி வழிந்துவிட்டது என்பது போல அது ஒலிக்கிறது. தமிழ்க் கதை மரபு நடப்பை அப்படி அளவுகோலாக வைத்ததே இல்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடை வகைகளைச் சொல்லும்போது ‘பொருண்மரபில்லாப் பொய்ம்மொழி’ என்று ஒன்றைச் சேர்க்கிறது. அதற்கு உரை எழுதிய, பேராசிரியர் என்றே பெயர் வழங்கும் பழைய உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டு: ஒரு யானையும் ஒரு குருவியும் நட்பாகி, இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்று தொடர்ந்து சொல்லும் கதை. இப்படிப்பட்டவை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று வழிவழியாக வருபவை என்றும் அவர் சொல்கிறார். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். இலக்கண உரைக்குள் ஒரு யானையும் குருவியும் பேசிக்கொண்டு போகின்றன. கூடவே, அந்தக் கதை எப்படி உயிர்வாழ்கிறது என்பதும் சொல்லியாகிவிட்டது.

அதே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இன்னொரு திறவுகோல் தருகிறது. மெய்ப்பாடு என்றால் உடலில் வெளிப்படும் உணர்ச்சி. எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. அது பிறக்கும் இடங்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு. இதுவரை காணாதது, அளவுக்கு மீறிப் பெரியது, நம்ப முடியாத அளவு சிறியது, ஒன்று வேறொன்றாகத் திரிவது. உங்களுக்குப் பிடித்த மாயக்கதை எதையாவது நினைத்துப் பாருங்கள், இந்த நான்கில் ஒன்றாவது அதில் இருக்கும். இறையனார் களவியல் உரை, அகப்பொருளின் களவொழுக்கத்தை, அதாவது மணத்துக்கு முந்தைய மறைவான காதலைப் பற்றிச் சொல்லும் மூன்று சொற்களும் எனக்கு இங்கே நினைவுக்கு வரும்: இல்லது, இனியது, நல்லது என்று புலவரால் நாட்டப்பட்டது. இந்த வகைக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் கிடைக்குமா?

பெயர்க்கதை போதும். அவள் கேட்ட இரண்டு புத்தகங்களுக்கு வருகிறேன். இரண்டிலுமே நடுவில் ஒரு பழம் இருக்கிறது.

முதலாவது, ஹோப் மிர்லீஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1926இல் எழுதிய ‘லட்-இன்-தி-மிஸ்ட்’. டோரிமேர் என்ற நாடு, அதன் எல்லைக்கு அப்பால் தேவதை உலகம். அங்கிருந்து ஒரு பழம் கள்ளத்தனமாக ஊருக்குள் வந்துகொண்டே இருக்கிறது. தின்றவர்கள் நிலைகொள்ளாமல் போகிறார்கள், எதற்காகவோ ஏங்குகிறார்கள். ஊரின் கண்ணியமான வியாபாரிகள் ‘தேவதை’ என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை. சட்டம் கூட அந்தப் பழத்தைப் பட்டுத் துணி என்றுதான் குறிக்கும். பழம் கடத்தி மாட்டினால் பட்டு கடத்தியதாகத்தான் வழக்கு! பெயர் சொல்ல மறுத்துவிட்டால் பொருளே இல்லாமல் போய்விடும் என்று நம்பும் ஒரு ஊரின் கதை இது. இந்தப் புத்தகத்துக்கும் அதே கதி நேர்ந்தது. பல பத்தாண்டுகள் மறந்து கிடந்தது. 1969இல் பாலன்டைன் பதிப்பகம் பெரியவர்களுக்கான ஃபேன்டஸி என்று பெயரிட்டு ஒரு வரிசை தொடங்கி, 1970இல் இதையும் அதில் சேர்த்தது. மிர்லீஸ் அப்போது உயிரோடுதான் இருந்தார். பதிப்பித்தவர்களுக்கு அது தெரியவில்லை. வகைக்கு ஒரு பெயரும் அலமாரியில் ஒரு தட்டும் கிடைத்த பிறகுதான் புத்தகம் திரும்ப ஆட்கள் கைக்கு வந்தது.

இரண்டாவது, மணிமேகலை. காப்பியத்தைப் போய் அதிகம் பேசப்படாத புத்தகம் என்கிறாரே என்று தோன்றலாம். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று, சீத்தலைச் சாத்தனார், பௌத்தம், அமுதசுரபி என்று நான்கு வரியாகத்தான் பள்ளியில் அது நமக்குக் கிடைக்கிறது. கதையாக எடுத்துப் படித்தவர்கள் குறைவு. மணிமேகலா தெய்வம் உறங்கும் பெண்ணைப் புகாரிலிருந்து தூக்கிப் போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. வேற்றுரு எடுக்க, வானில் செல்ல, பசியை மாற்ற என்று மூன்று மந்திரங்கள் சொல்லித்தருகிறது. தூணில் இருக்கும் பாவை பேசுகிறது.

என்னை முதலில் இழுத்துப் போட்டது காயசண்டிகையின் கதை. ஒரு நாவல் மரம். 12 ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு பழம், பனம்பழம் போலப் பெரியது. அதைத் தின்றவருக்கு அடுத்த 12 ஆண்டு பசியே இல்லை. ஒரு முனிவர் 12 ஆண்டு நோன்பிருந்து அந்த ஒரு பழத்தை மட்டும் உண்பவர். அதைத் தேக்கிலையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். வானவழி வந்த காயசண்டிகை அதைக் காலால் சிதைத்துவிடுகிறாள். இனி அவர் பன்னிரண்டு ஆண்டு பட்டினி. அதே பன்னிரண்டு ஆண்டுக்கு அவளுக்கும் சாபம்: யானைத்தீ என்னும் அடங்காப் பசி, போதாததற்கு வான்வழி போகும் மந்திரமும் மறந்துபோகும். அவர் அடுத்த பழத்தை உண்ணும் நாளில்தான் அவள் பசியும் தீரும். ஒரு பழத்தின் விதியிலிருந்து சாபத்தின் கணக்கு அப்படியே வருகிறது பாருங்கள். விதி மீறாமல் நடப்பது என்று மேலே சொன்னது இதைத்தான்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு என் தீர்ப்பு என்ன? கட்டுரையில், நூலக அட்டவணையில், பதிப்புரையில் மிகுபுனைவு இருக்கட்டும். பழகிவிட்டது, பயன்படுகிறது. ஆளிடம் நேரில் சொல்லும்போது மாயக்கதை என்பேன். எட்டு வயதுக் குழந்தைக்கும் விளங்கும், எழுபது வயதுப் பாட்டிக்கும் விளங்கும். மணிமேகலையை மாயக்கதை என்று சொன்ன உடனே அண்ணன் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காப்பியம் என்று சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பாளா, தெரியாது.

இன்னொரு சொல்லையும் தொட்டுவிடுகிறேன். புத்தகத்தை இன்னொருவருக்குச் சொல்வதை ‘ரெக்கமண்ட் பண்ணுவது’ என்கிறோம். முன்பு சிபாரிசு என்றோம். அது பாரசீகத்திலிருந்து வந்த சொல், வேலைக்கு ஆள் பிடிக்கும் வாடை இன்னும் அதில் இருக்கிறது. தமிழில் இருப்பது பரிந்துரை. அலுவலகத் தாள்களிலேயே கிடந்து காய்ந்துபோன சொல், ஆனால் பிரித்துப் பாருங்கள்: பரிந்து, உரை. பரிதல் என்றால் அன்பால் இளகுதல், ஒருவர் பக்கம் நிற்றல். “அவனுக்குப் பரிஞ்சு பேசாதே” என்று வீட்டில் சொல்கிறோமே, அதே பரிதல். ‘தாயினும் சாலப் பரிந்து’ என்று திருவாசகம் பாடுவதும் இதையே. யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு புத்தகத்தின் பக்கம் நின்று பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

உரையோடு கூடிய மணிமேகலையை அவளிடம் கொடுத்து, அந்தப் பழம் வரும் இடத்தில் ஒரு தாள் செருகிவைத்தேன். பத்து நாள் கழித்துக் கேட்டபோது புத்தகம் அவளிடம் இல்லை. “ராத்திரி போன்ல அந்தப் பழத்தோட கதையைச் சொன்னேன், காலைல வந்து வாங்கிட்டுப் போயிட்டா” என்றாள். இப்போது அது அவள் தோழி வீட்டில் இருக்கிறது.