காட்டின் கார்பன் கணக்கு: டேப்பு பிடிக்க ஆள் எங்கே?

காட்டில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று கணக்கிட, குமரி மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கத்து மலைச்சரிவில் மரங்களை அளந்ததாகச் சொல்லி அனுப்பிய படிவங்களைப் போன வாரம் பிரித்துப் பார்த்தேன். மரங்களின் சுற்றளவு 60, 75, 90, 120 என்று போகிறது. கடைசி வரை எல்லா எண்ணும் 0-விலோ 5-லோதான் முடிகிறது. எந்தக் காட்டிலும் மரங்கள் இப்படிப் பேசிவைத்துக்கொண்டு பருப்பதில்லை. யாரோ தூரத்தில் நின்று கண்ணால் மதிப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். இது முதல் தடவையாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "அதுதான் செயற்கைக்கோள் பார்த்துக்கொள்கிறதே!"

செயற்கைக்கோள் பார்ப்பது மேலிருந்து தெரியும் பச்சையை. அடிமரத்தின் பருமன், கட்டையின் அடர்த்தி, வேர், சருகு, மண்ணுக்குள் கிடக்கும் கார்பன் எதுவும் அதன் கண்ணில் படாது. டேராடூனிலிருக்கும் இந்திய வன அளவை நிறுவனத்தின் வரையறைப்படி, 1 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கவிகை, அதாவது மேலிருந்து பார்த்தால் கிளையும் இலையும் மூடியிருக்கும் பரப்பு, 10 சதவீதத்தைத் தாண்டினால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன என்ற கேள்வியே இல்லை. அதனால் குலசேகரத்து ரப்பர் தோட்டமும் பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள இயற்கைக் காடும் ஒரே கணக்கில் வந்துவிடலாம். ரப்பரை 25, 30 ஆண்டுகளில் வெட்டிவிட்டு மறுபடி கன்று வைப்பார்கள். இயற்கைக் காட்டுக்கு அந்தச் சுழற்சி கிடையாது. இரண்டும் ஒரே அளவு கார்பனையா வைத்திருக்கும்? போதாததற்கு, ரப்பர் டிசம்பர், ஜனவரி வாக்கில் இலை உதிர்த்து நிற்கும். அந்த நேரத்துப் படத்தில் தோட்டம் மெலிந்து தெரியும். துளிர் விட்டதும் எடுத்த படத்தில் செழித்துத் தெரியும். இடையில் ஒரு மரம் கூடவுமில்லை, குறையவுமில்லை. விண்ணிலிருந்து லேசர் பாய்ச்சி மர உயரம் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன, உண்மைதான். அந்த உயரத்தை எடையாக மாற்றும் சூத்திரமும் தரையில் யாரோ டேப்பு பிடித்து அளந்த கணக்கிலிருந்துதான் பிறக்கிறது.

2030-க்குள் கூடுதல் காடு, மரங்கள் மூலம் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான கார்பனைச் சேமிப்போம் என்று இந்தியா உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. பாரிஸ் ஒப்பந்தப்படி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். வெளிநாட்டு வல்லுநர்கள் அதைப் பிரித்துப் பார்ப்பார்கள். அந்த அறிக்கையின் அடிமட்டத்தில் இருப்பது நம் படிவம். காடு முழுவதையும் அளக்க முடியாததால் மாதிரிக்கு எடுத்து அளக்கும் 0.1 ஹெக்டேர் கட்டத்தில் ஒரு மரத்தைத் தப்பாக எழுதினால் ஹெக்டேருக்குப் பத்து மரம் தப்பு.

ஆகவே, தயவுசெய்து கேளுங்கள். மரத்தின் சுற்றளவை மார்பளவு உயரத்தில் அளக்க வேண்டும்; நம் நாட்டில் அது தரையிலிருந்து 1.37 மீட்டர். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்துத் தரையிலிருந்து கணக்கு. கொடி சுற்றியிருந்தால் விலக்கிவிட்டு, டேப்பைத் தொய்வில்லாமல் பிடியுங்கள். பால்வெட்டிப் புடைத்த இடமோ பலகை வேரோ குறுக்கிட்டால் அதற்கு மேலே அளந்து, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். சுற்றளவைப் படிவத்தில் விட்டத்துக்கான இடத்தில் எழுதித் தொலைக்காதீர்கள். அடிமரப் பரப்பு, அதாவது அந்த உயரத்தில் மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு, ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். 30 டிகிரிச் சரிவில் டேப்பைத் தரையோடு 20 மீட்டர் இழுத்தால் கிடைமட்டத்தில் அது 17.3 மீட்டர்தான்; கட்டத்தின் அளவோ கிடைமட்டக் கணக்கு. இதைத் திருத்தாதவர்களின் எண்ணிக்கையைச் சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

யானை நிற்கிறது, பாறை செங்குத்து என்றால் கட்டத்தை வசதியான இடத்துக்கு நகர்த்தாதீர்கள். "போக முடியவில்லை" என்று எழுதுங்கள். அது குற்றமில்லை, நகர்த்துவதுதான் குற்றம். மரத்தின் பெயர் தெரியாவிட்டால் உடன்வரும் காணிக்காரரை, இந்த மலைப் பழங்குடியைச் சேர்ந்தவரை, கேளுங்கள். அவருக்குக் கூலியும் கொடுங்கள், படிவத்தில் அவர் பெயரையும் எழுதுங்கள். ஒரே மரத்தை ஒருவர் அயினி என்றும் இன்னொருவர் ஆஞ்சிலி என்றும் எழுத, கணினியில் அது இரண்டு இனமாகிவிடுகிறது.

மேலே இருப்பவர்களுக்கும் ஒன்று. மூன்று நாள் பயிற்சி, சான்றிதழ், குழுப்படம் என்று முடித்துவிட்டு, கைபழகிய ஆளை அடுத்த ஆண்டே வேறு வேலைக்கு மாற்றிவிட்டால் திறன் எப்படி வளரும்? ஒப்பந்த ஊழியரானாலும் ஐந்து ஆண்டாவது அதே குழுவில் வையுங்கள். அளந்த கட்டங்களில் சிலவற்றை வேறொரு குழுவை அனுப்பி, முதல் எண்களைக் காட்டாமல் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை அறிக்கையிலேயே போடுங்கள். எழுதிய மூலப் படிவத்தை எறியாமல் ஸ்கேன் செய்து வையுங்கள். கணினியில் ஏற்றிய பட்டியல் மட்டும் வந்தால் இனி நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.