அடி தேயாத ஷூவும் உள்ள செத்துப் போயிருக்கும்

குதிகால் வலின்னு வர்றவங்கள நான் நடக்கப் போடுற ஷூவையும் எடுத்துட்டு வரச் சொல்லுவேன். போன மாசம் ஒரு அண்ணன், அம்பத்தஞ்சு வயசு இருக்கும், காலைல எந்திரிச்சு முதல் அடி வெச்சா ஊசி குத்துற மாதிரி இருக்குன்னு வந்தார், "ஷூ புதுசு மாதிரிதான் சார் இருக்கு, அடி தேயவே இல்ல"ன்னார். டேபிள் மேல வெச்சு பின்னாலேர்ந்து குனிஞ்சு பாத்தா வலது ஷூ உள்பக்கமா சாஞ்சு நிக்குது, பக்கவாட்டு ஃபோம்ல கோடு கோடா சுருக்கம், கட்டைவிரலால அழுத்துனா உள்ளயே போகல. டெய்லி 5 கிலோமீட்டர், மூணு வருஷம்னா கணக்கு போட்டுப் பாருங்க, 5,000 கிலோமீட்டருக்கு மேல!

நாம கையால உருவி எடுக்கறது இன்சோல், தரையில படுற ரப்பர் அவுட்சோல், இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதுதான் மிட்சோல், அதிர்ச்சியத் தாங்குற வேலை பெரும்பாலும் அதோடதுதான். நெறய ஷூவுல அது ஈவிஏ ஃபோம், உள்ள பூரா குட்டிக் குட்டி காத்துக் குமிழ், ஒவ்வொரு அடிக்கும் அமுங்கி எழும்பி ஒரு கட்டத்துல எழும்பாம அப்படியே படிஞ்சிடும். ஓடுறவங்களுக்கு 500லேர்ந்து 800 கிலோமீட்டர்னு பொதுவா சொல்லுவாங்க, நடக்க மட்டும்னா கொஞ்சம் கூட வரும், உடம்பு வெயிட்டா இருந்தா கொறையும். செத்த மிட்சோல் மேல ஜெல் இன்சோல் வாங்கிப் போட்டா மெத்துன்னு இருக்கும், ஆனா சாய்வு அப்படியேதான் இருக்கும்.

பியூ, அதாவது பாலியூரித்தேன்ங்கற இன்னொரு வகை ஃபோம்ல செஞ்ச மிட்சோல் வேற கதை. காத்துல இருக்கற ஈரமே அதை உள்ளுக்குள்ள அரிச்சிடும், போடாம பெட்டியில பத்திரமா வெச்சிருந்தாலும்தான். கல்யாணத்துக்குன்னு வருஷக்கணக்கா எடுத்து வெச்ச ஷூ மண்டபப் படியிலயே பொலபொலன்னு உதிர்ந்து ஒருத்தர் கணுக்கால் பெசகி என்கிட்ட வந்திருக்கார்.

எனக்கு ரொம்பக் கவலை சுகர்ல பாதம் மரத்துப் போனவங்களப் பத்திதான். படிஞ்ச எடத்துல அழுத்தம் ஒரே புள்ளியில விழும், வலிக்காது, புண்ணானப்புறம்தான் தெரியும், தயவுசெஞ்சு நீங்க வலிக்காகக் காத்திருக்காதீங்க, ஒவ்வொரு தடவ போடறதுக்கு முன்னாடியும் ஷூவுக்குள்ள கைய விட்டுத் தடவிப் பாருங்க.

அந்த அண்ணனுக்கு ஷூ மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், கெண்டைக்கால் சதையும் இறுகியிருந்துச்சு, ஸ்ட்ரெச்சிங் சொல்லிக் குடுத்தேன். புது ஷூவோட நாக்குல வாங்குன தேதிய பேனாவால எழுதிட்டுப் போனார்.