பேலன்ஸுக்குச் சீர்தூக்கல் என்று எழுதுங்கள்

போன வாரம் சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில், மிக்ஸிங், அதாவது குரலையும் கருவிகளையும் ஒரே பாட்டாகக் கலக்கும் வேலை, கற்றுக்கொள்ளும் தம்பி ஒருவர் தான் செய்த பாட்டைப் போட்டுக் காட்டினார். பல்லவி தொடங்கியதுமே மெட்டை முன்நின்று வாசிக்கும் லீட் கிட்டார் குரல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, வரிகளில் பாதி காதில் விழவே இல்லை. ஏன் தம்பி இப்படி என்று கேட்டால் வகுப்பில் கொடுத்த தமிழ்க் குறிப்பை நீட்டுகிறார்: "குரலையும் முன்னணி கிட்டாரையும் சமநிலையில் வைக்கவும்." அவரும் அப்படியே ஒலி அளவை ஏற்றி இறக்கும் இரண்டு ஃபேடரையும் ஒரே கோட்டில், −6 டெசிபலில் நிறுத்தியிருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பேலன்ஸுக்கு எழுதும் இந்தச் 'சமநிலை'யை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது!

பேலன்ஸ் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். 'பை' என்றால் இரண்டு, 'லாங்க்ஸ்' என்றால் தட்டு. இரட்டைத் தட்டுத் தராசு, அவ்வளவுதான்.

சமநிலை என்றதும் தமிழ் படிப்பவருக்கு இரண்டும் சமம் என்றுதான் மனதில் படும். ஆனால் குரலில் சொல் தெளிவாகக் கேட்கிற இடமும் லீட் கிட்டாரின் கூர்மையும் ஏறக்குறைய ஒன்றுதான், 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. நம் காதும் அந்தப் பக்கம்தான் ரொம்பக் கூர்மை. அதனால் பாடும்போது கிட்டாரை இரண்டு மூன்று டெசிபல் இறக்குகிறோம், 2,500 ஹெர்ட்ஸ் பக்கம் ஈக்யூவில் (ஒலியின் ஒரு பகுதியை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில்) கொஞ்சம் செதுக்குகிறோம், கொஞ்சம் இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளுகிறோம், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மறுபடி ஏற்றிவிடுகிறோம். இதில் சமம் எங்கே இருக்கிறது? அப்புறம் ஈக்வலைசருக்குச் 'சமனாக்கி' என்றும் எழுதுகிறார்கள். 'சமனாக்கியால் சமநிலை செய்க' என்று வந்தால் பையன் எந்தக் குமிழைத் திருகுவான்?

குறள் 118-ஐப் பாருங்கள், "சமன்செய்து சீர்தூக்குங் கோல்". வள்ளுவர் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார். சமன் என்பது கோல் முதலில் தான் நேராக நிற்பது, சீர்தூக்கல் என்பது அதன் பிறகு வைத்த பொருளை நிறுப்பது. மிக்ஸிங்கில் உட்கார்ந்திருப்பவர் செய்வது இரண்டாவது வேலை. "சீர்தூக்கிப் பார்" என்று இன்றைக்கும் சொல்கிறோம், யாருக்கும் புதுச்சொல் இல்லை. 'தூக்கு' பழந்தமிழ் இசையில் தாள அளவுக்கு வழங்கிய சொல் என்பதால் பாட்டோடு உறவும் உண்டு.

சொல் நீளம் என்றால் பேலன்ஸ் என்றே எழுதுங்கள், எனக்கு வருத்தமில்லை. தப்பான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல். வடபழனியில் எந்த ஸ்டுடியோவிலும் சமநிலை என்று கேட்டதில்லை, "வாய்ஸைக் கொஞ்சம் முன்னாடி கொண்டு வா" என்பார்கள், வேலை நடக்கும். லீட் கிட்டாருக்கு 'முன்னணி கிட்டார்' என்பது அதைவிடக் கொடுமை. முன்னணி நடிகர், முன்னணி நிறுவனம் என்று பழகிய நமக்கு அது ஏதோ விலை உயர்ந்த கிட்டார் என்றுதான் தோன்றும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் முன் ஒரு மணி நேரம் மிக்ஸர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

தம்பியிடம் கண்ணை மூடிக்கொண்டு, வரி முழுக்கப் புரியும் வரை கிட்டாரை இறக்கச் சொன்னேன். ஃபேடர் −9-இல் நின்றது.