டோனர் கருமுட்டை: எந்த வயது வரை பலன் தரும், எந்த வயது வரை சட்டம் அனுமதிக்கும்?

“46 ஆகிவிட்டது, டோனர் முட்டை (வேறொரு பெண் தானமாகத் தரும் கருமுட்டை) வைத்தாலாவது கரு நிற்குமா?” என்று கேட்கும் பெண்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. கரு நிற்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முட்டையின் வயதுதான், கருப்பையின் வயது அல்ல. சொந்த முட்டை என்றால் 35-க்கு மேல் வாய்ப்பு குறையத் தொடங்கி, 40-க்குப் பிறகு மளமளவென்று இறங்கிவிடும். வயதான முட்டையில் குரோமோசோம் கோளாறு அதிகம் என்பதே காரணம். இளம்பெண்ணின் முட்டையில் உருவான கருவை வைக்கும்போது இந்தச் சரிவு பெரிதாகத் தெரிவதில்லை. கருப்பையின் உள்சுவரை ஈஸ்ட்ரோஜன் மாத்திரையாலும் புரோஜெஸ்ட்ரோன் மருந்தாலும் தயார்செய்துவிட முடியும். மாதவிடாய் நின்றவருக்குக்கூட இது பலிக்கும். 40-களின் பிற்பகுதியில் வாய்ப்பு ஓரளவு குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

அப்படியானால் சட்டம் ஏன் வயது வரம்பு வைக்கிறது? கரு நிற்பது வேறு, அதை உடம்பு தாங்குவது வேறு. 2019-ல் ஆந்திராவின் குண்டூரில் 70 வயதைத் தாண்டிய பெண் இந்த முறையில் இரட்டைக் குழந்தைகள் பெற்றார். அப்போது அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 2022 ஜனவரி 25-ல் அமலுக்கு வந்தது. அதன்படி சிகிச்சை பெறும் பெண் 21 வயதைக் கடந்தவராகவும் 50-க்குக் கீழும் இருக்க வேண்டும். ஆணுக்கு மேல் வரம்பு 55. தனியாக இருக்கும் பெண்ணும் சிகிச்சை பெறலாம்.

இந்த வரம்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். வயது ஏற ஏற கர்ப்பகால ரத்த அழுத்தம், சர்க்கரை, குறைப்பிரசவம் எல்லாம் கூடுகின்றன. டோனர் முட்டைக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தச் சிக்கல் இன்னும் சற்று அதிகம். அதனால் இதயம், பிபி, சர்க்கரைப் பரிசோதனைகளை முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். 48, 49 வரை தள்ளிப்போடவும் வேண்டாம். கரு உறைநிலையில் காத்திருந்தாலும், வைப்பதற்குள் 50 ஆகிவிட்டால் மருத்துவமனை மறுத்துவிடும்.

அடுத்தது, முட்டை தருபவரின் வயது. அது 23 முதல் 35-க்குள் இருக்க வேண்டும். உங்கள் வாய்ப்பை உயர்த்துவதும் இந்த வயதுதான். முட்டை தருபவரை ஏற்பாடு செய்யும் வேலை பதிவுபெற்ற கருமுட்டை வங்கிக்கு மட்டுமே உரியது. ஒரு பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம். அவரிடமிருந்து 7 முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது, ஒருவருடைய முட்டையை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கவும் கூடாது. இதைக் கெடுபிடி என்று சலித்துக்கொள்பவர்கள் 2022-ல் ஈரோட்டில் வெளிவந்த கொடுமையை நினைத்துப் பார்க்க வேண்டும். போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, 16 வயதுச் சிறுமியிடம் திரும்பத் திரும்பக் கருமுட்டை எடுத்திருந்தார்கள்.

7 முட்டை என்றால் 7 குழந்தை வாய்ப்பு என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். சில முட்டைகள் முதிர்ந்திருக்காது, சில விந்தணுவோடு சேராது, சேர்ந்ததிலும் பாதி ஐந்தாம் நாள் வரை வளராமல் நின்றுவிடும். கையில் மிஞ்சுவது இரண்டு மூன்று கருக்களாக இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். கிடைத்த கருக்களில் எதுவும் நிற்கவில்லை என்றால் இன்னொரு டோனர், இன்னொரு செலவு. இதைப் பணம் கட்டும் முன்பே டாக்டரிடம் கேட்டுத் தெளிவாகிவிடுங்கள்.

முட்டை தரும் பெண்ணுக்கு 12 மாதங்களுக்கான காப்பீட்டை எடுத்துத் தருவது சிகிச்சை பெறுபவரின் பொறுப்பு. பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டுக்கொண்டு, மயக்க மருந்தில் முட்டையை எடுக்கக் கொடுப்பவர் அவர். பாலிசி நகலைக் கண்ணால் பார்த்துவிட்டே மேலே போங்கள்.

பிறக்கும் குழந்தை சட்டப்படி முழுக்க உங்கள் குழந்தை. முட்டை தந்தவருக்குப் பெற்றோர் உரிமை எதுவும் கிடையாது.

மருத்துவமனையின் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். ஐவிஎஃப் (முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும் முறை) செய்ய ‘லெவல் 2’ பதிவு வேண்டும், ‘லெவல் 1’ போதாது. ஏதாவது குறை என்றால் அங்கேயே உள்ள குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்தில் கொடுங்கள். அந்தப் பிரிவு ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருக்க வேண்டும் என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது.