ஞானஸ்நானம் பெற்றவருக்கும் குடி ஆசை வரும்

மறுபடியும் ஒருவர். கை நடுங்கத் தொடங்கியபோதே கொண்டு வந்திருக்கலாம். வலிப்பு வந்து, நாக்கைக் கடித்து, வாயெல்லாம் இரத்தமான பிறகுதான் ஓட்டோ பிடித்திருக்கிறார்கள். கூட வந்த மைத்துனர் சொன்ன முதல் வார்த்தை இது: "டொக்டர், இவர் வெள்ளிக்கிழமை இரவோடு குடியை விட்டுவிட்டார். பிறகு தொடவே இல்லை." விட்டவருக்கு எப்படி வலிப்பு வரும் என்று அவருக்குக் குழப்பம். விட்ட விதத்தால்தான் வந்தது என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

திருகோணமலையில் மனநலக் கிளினிக் பார்க்கிறவன் நான். இதைக் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இவர் மேசன். கொழும்பில் கட்டட வேலை பார்த்த காலத்தில், வெள்ளைச் சட்டையில் கறுப்புப் பெயர்ப்பட்டி குத்திக்கொண்டு இருவர் இருவராக வரும் ஊழியர்களைச் சந்தித்து ஞானஸ்நானம் பெற்றவர். வெளியார் மோர்மன் என்று அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மனைவி இன்றும் வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்பாள் கோயிலுக்குப் போகிறார். அதனால் வீட்டில் சண்டை எதுவும் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் சொட்டுக்கூடத் தொடாமல் இருந்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு பெரியப்பாவின் எட்டுச் செலவில் பழைய கூட்டாளிகள் ஒரு கிளாஸை நீட்டினார்கள். அடுத்த வாரம் கால் போத்தல், அதற்கடுத்து அரை. சபையில் யாருக்கும் சொல்லவில்லை, மனைவியிடமும் மறைத்தார். சபையின் உபவாச ஞாயிறு வந்தபோது வெட்கம் தாங்காமல், ஒரே இரவில் நிறுத்திவிட்டு, சனிக்கிழமை மதியத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் முழங்காலில் இருந்திருக்கிறார். ஞாயிறு காலை வலிப்பு.

இவரை விழுத்தியது சாராயம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. "விசுவாசம் உண்மையாக இருந்தால் ஆசை வராது" என்ற நினைப்பும் சேர்ந்துதான் விழுத்தியது. இதை நான் எல்லார் வாயிலும் கேட்கிறேன். ஜெபம் செய்ய வருகிறவர் சொல்கிறார். சாமி கும்பிடுகிற மாமியார் சொல்கிறார். தவறணை வாசலில் நிற்கும் கூட்டாளி, "வேதம் மாறி என்ன, வாய் மாறவில்லையே" என்று சிரிக்கிறார். கடைசியில் நோயாளியே அதைத்தான் நம்பிவிடுகிறார்: எனக்கு ஆசை வருகிறது, ஆகவே என் மனமாற்றம் பொய்.

ஐயா, நீரிழிவுக்காரர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றால் மறுநாள் அவருடைய சீனி இறங்கிவிடுமா? இறங்கவில்லை என்று யாராவது அவருடைய விசுவாசத்தைச் சந்தேகிப்பார்களா? இல்லையே. மூளையும் உடலின் ஓர் உறுப்புத்தான். பதினைந்து வருடம் மாலை ஆறு மணிக்குச் சீமெந்து காய்ந்த கையோடு ஒரே கடையில் ஏறியவருக்கு, ஆறு மணியானால் வாய் ஊறும். சம்பளம் கையில் வந்தால் ஊறும். பொரித்த மீன் வாசனைக்கு ஊறும். அவர் இப்போது எந்த வேதப் புத்தகத்தை வாசிக்கிறார் என்பது அந்த மூளைப் பகுதிக்குத் தெரியாது. மனம் திரும்புவது தீர்மானம். வாய் ஊறுவது பழக்கம். முதலாவது ஒரு நாளில் நடக்கலாம். இரண்டாவது மாதங்கள், சிலருக்கு வருடங்கள் எடுக்கும். ஆசை வந்ததற்காக யாரும் தன்னைக் குற்றவாளியாக்க வேண்டாம். பெரும்பாலும் அது ஓர் அலை. அரை மணித்தியாலம் தாக்குப்பிடித்தால் தானே இறங்கும். அந்த அரை மணித்தியாலம் தனியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் "ஆசையே பாவம்" என்று நம்புகிறவர் அந்த நேரத்தில்தான் ஆட்களை விட்டு ஒளிகிறார்.

அந்தச் சபையைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. சொல்லப்போனால், குடியோடு போராடுகிறவருக்கு அது வசதியான இடம். திருவிருந்தில் திராட்சரசம் கிடையாது, தண்ணீர்தான். வேறு சபைகளில் ஞாயிறு காலையில் அந்த ரச வாசனையே சிலரைக் கவிழ்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கென்று 12 படிகள் கொண்ட திட்டமும் அவர்களிடம் இருக்கிறது.

மதுவிலக்கு அவர்களுடைய "ஞான வார்த்தை" என்ற உடல்நலப் போதனையில் உள்ளது. 1833 பெப்ரவரி 27 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் வெளியிட்டது; கோட்பாடும் உடன்படிக்கைகளும் என்ற அவர்களுடைய வேத நூலில் 89ஆம் பிரிவு. ஆரம்பத்தில் அது கட்டளையாக இல்லாமல் ஆலோசனையாகத்தான் சொல்லப்பட்டது. அவர்களுடைய ஆலயத்துக்குள் (ஞாயிறு ஆராதனைக்குக் கூடும் இடம் அல்ல, விசேஷ சடங்குகளுக்கான கட்டடம்) போக அனுமதி பெறுவதற்கு அதைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும் என்று உறுதியானது 1921இல். ஒரு சபை முழுவதற்கும் ஏறத்தாழத் தொண்ணூறு வருடம் தேவைப்பட்டிருக்கிறது. நம்முடைய மேசனுக்குத் தொண்ணூறு நாளாவது கொடுங்கள். ஞான வார்த்தையை மீறினார் என்பதற்காக மட்டும் ஓர் உறுப்பினரை விசாரணைச் சபையின் முன் நிறுத்துவதில்லை என்று அவர்களுடைய கைந்நூலிலேயே இருக்கிறது. இதை நான் சொன்னபோது இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வெளியே தள்ளிவிடுவார்கள் என்றல்லவா இத்தனை வாரமும் மறைத்திருக்கிறார்!

தேநீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஞான வார்த்தைப்படி தேயிலைக்கும் கோப்பிக்கும் இடமில்லை. எங்கள் ஊரில் சாராயம் வேண்டாம் என்றால் பாராட்டுவார்கள். தேநீர் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். உப்புவெளியில் ஒரு வீட்டுக்கு வேலை பேசப் போனாராம். வீட்டுக்கார அம்மா பால் தேநீரைத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "எங்கள் வீட்டில் குடிக்க மாட்டீர்களோ?" என்று கேட்டபோது அவருக்குப் பதில் வரவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. அன்று மாலைதான் அவர் முதன்முறையாகத் தானாகவே கடையில் ஏறிப் போத்தல் வாங்கியது. தேநீரை மறுத்ததால் சாராயம் குடித்தார் என்று நான் கணக்குப் போடவில்லை. ஆனால் ஒரு மனிதர் நாளுக்குப் பத்துத் தடவை "வேண்டாம்" சொல்ல வேண்டியிருந்தால் பதினோராவது தடவை களைத்துப்போவார். இப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள், இளநீர் வெட்டுங்கள். காரணம் கேட்காதீர்கள். இன்னொன்று: தேநீரைத் திடீரென்று விட்டால் சில நாள் தலையிடி இருக்கும். அதற்கும் பிசாசுக்கும் சம்பந்தமில்லை.

இனி நேரடியாகச் சொல்கிறேன்.

தினமும் குடிக்கிறவர், காலையில் கை நடுக்கத்தை நிறுத்தவே குடிக்கிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்: இவர்கள் யாரும் வீட்டில் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசிக் குடிக்குப் பிறகு சில மணித்தியாலங்களில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாத ஆட்களோடு பேசுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது, காய்ச்சல், ஆளே மாறிப்போவது. இது பேயடி அல்ல. நூல் கட்டவும் வேண்டாம், தலையில் கை வைத்து விடியும்வரை ஜெபிக்கவும் வேண்டாம். 1990க்கு அழையுங்கள், ஜெபத்தை அம்புலன்சில் வைத்துக்கொள்ளலாம். இந்த நிலை கவனிக்காமல் விட்டால் உயிரை எடுக்கும். ஆஸ்பத்திரி விடுதியில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் நடந்தே வீட்டுக்குப் போகிறார்கள்.

தெருமுனை டிஸ்பென்சரியில் "ஒரு சேலைன் ஏற்றிவிடுங்கள்" என்று கேட்காதீர்கள். நாள்பட்ட குடிகாரருக்கு வைட்டமின் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். இது என் சக வைத்தியர்களுக்கும் சேர்த்துத்தான்.

குடியை வெறுக்க வைக்கும் குளிசையை யாரிடமோ வாங்கிக் கறியில் கலந்து கொடுக்கும் அம்மாமார், தங்கைமாரே, தயவுசெய்து நிறுத்துங்கள். டைசல்ஃபிராம் என்ற அந்தக் குளிசை உடம்பில் இருக்கும்போது அவர் தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து, இதயமே நின்றுபோகலாம். குளிசையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, வைத்தியர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

கள்ளு இயற்கையானது, அது மதுவில் சேராது என்கிறவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை. சேரும்.

உபவாசம் பற்றி: குடியை நிறுத்திய முதல் வாரங்களில் இருப்பவர்களும், ஈரல் வருத்தம் அல்லது நீரிழிவு உள்ளவர்களும் உபவாசம் இருக்க வேண்டாம். உடம்புக்கு இயலாதவர்களிடம் அந்தச் சபையும் அதைக் கேட்பதில்லை.

சபைப் பெரியவர்களிடம் பணிவாக ஒன்று. ஒருவர் இரண்டு ஞாயிறு வரவில்லை என்றால், கூட்டத்தில் பெயர் சொல்லி ஜெபிக்காமல், வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்காருங்கள். "குடித்தாயா?" என்று தொடங்காதீர்கள். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள், மற்றதை அவரே சொல்வார்.

கிளினிக்குக்கு வருகிறவர்கள் காலையிலேயே வாருங்கள், ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு. கடைசியாகக் குடித்த நேரத்தையும் அளவையும் குறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் மருந்தின் அளவை அதை வைத்துத்தான் தீர்மானிக்கிறோம். வீட்டில் இருக்கும் குளிசை உறைகளையும் கொண்டு வாருங்கள். இரவில் யாரோடாவது பேசியே ஆக வேண்டும் என்றால் 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். நீங்கள் எங்களிடம் சொல்வதைச் சபைக்கோ கோயிலுக்கோ மாமியாருக்கோ நாங்கள் சொல்வதில்லை.